கடலை அளந்தவர்கள் – 7: இரண்டு விடியல், ஒரே பறப்பு

சென்ற வாரம் விமானி லெனார்ட் பர்ச்சலின் கற்றலினா நீர்விமானத்தை நடுக்கடலுக்கு மேலே, செய்தி பாதி அனுப்பப்பட்ட நிலையில் விட்டுவந்தோம். 1942 ஏப்ரல் 4, சனிக்கிழமை பிற்பகல். இலங்கைக்குத் தெற்கே 350 மைலுக்கும் அப்பால், கீழே ஜப்பானியக் கப்பல் அணி. மேலே அதன் சண்டை விமானங்கள். வானொலியாளர் மோர்ஸ் விசையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே குண்டுகள் விமானத்தின் உடலைத் துளைக்கத் தொடங்கின.

செய்தி முழுதாக முடியவில்லை. ஆனால் கொழும்புக்குத் தேவையான அளவு வந்து சேர்ந்துவிட்டது. எதிரி தெற்கிலிருந்து வருகிறான் என்பது தெரிந்தது. பர்ச்சல் எரியும் விமானத்தைக் கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று நீரிலிருந்து தூக்கியது. போர் முடியும்வரை அவர்கள் ஜப்பானில் கைதிகளாக இருந்தார்கள். மூன்று வருடம் அடி வாங்கியவர்கள் அவர்கள். இந்தத் தீவில் பிறந்தவர்கள் பர்ச்சலின் பெயரை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பின் மேல் விமானங்கள் வந்தன. துறைமுகத்தில் ஹெக்டர், டெனிடோஸ் என்ற இரு கப்பல்கள் போயின. இரத்மலானை விமானத் தளமும் புகையிரதத் தொழிற்சாலையும் குண்டு வாங்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் குண்டு விழுந்தது. அதே நாள் கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் ஆகிய இரு போர்க்கப்பல்கள் நானூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

கொழும்பிலிருந்து சனம் கிளம்பியது. மலைநாட்டுக்கு, தென்பகுதிக்கு, வடக்கே யாழ்ப்பாணத்துக்கு. இந்தியத் தொழிலாளர்கள் தலைமன்னார் வண்டியைத் தேடினார்கள். அந்த நகரத்துக்கு அப்போது இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று துறைமுகம், அது எரிந்துகொண்டிருந்தது. மற்றது கோட்டைக்கும் மருதானைக்கும் நடுவே ஓடிய தண்டவாளங்கள்.

இதோடு கதை ஓய்ந்துவிட்டது என்று லண்டனிலும் கொழும்பிலும் எவரும் நினைக்கவில்லை. உண்மையான இடி ஏழு வாரங்களுக்கு முன்பே விழுந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ள இன்னும் சில வருடம் பின்னே போக வேண்டும்.

* * *

1938 நடுப்பகுதியில் சிட்னியின் ரோஸ் குடாவிலிருந்து நீர்விமானத்தில் ஏறிய ஒருவர் பத்து நாட்களுக்குள் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் இறங்கலாம். சிங்கப்பூர், பினாங், பாங்கொக், இரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று பல இடங்களில் தரித்துப் போகும் பாதை. கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் தூரம் அது. பெரிய சாதனைதான். ஆனால் அந்தக் கோட்டை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். இலங்கை அதில் இல்லை. நமது தீவு ஓரத்தில் இருந்தது. அந்த வருடம் பெப்ரவரி 28 முதல் டாட்டாவின் சிறிய தபால் விமானம் சென்னைப் பக்கமிருந்து இரத்மலானைக்கு வந்து, நமது கடிதங்களைப் பெரிய பாதையோடு இணைத்தது. அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த பங்கு.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. சங்கிலியின் நடுக்கண்ணி அறுந்தது.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. மலாயாவில் புகையிரதத்திலும் கந்தோர்களிலும் உழைத்த பிள்ளைகளின் மணியோடர் நின்றது, கடிதம் நின்றது. மூன்றரை வருடம் ஒரு வரிகூட வராத வீடுகள் வண்ணார்பண்ணையிலும் சுண்டிக்குளியிலும் எத்தனையோ. அவுஸ்திரேலியாவுக்கு அதன் பொருள் வேறு. லண்டனுக்குப் போகும் வான்வழி முழுதாக அடைபட்டது. குவாண்டாஸ் நிறுவனத்தின் நீர்விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. கோரியோ ஜனவரி 30இல் திமோருக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. சேர்சி பெப்ரவரி 28இல் ஜாவாவிலிருந்து புறூமுக்கு வரும் வழியில் காணாமல் போனது. கொரின்னா மார்ச் 3இல் புறூம் துறையிலேயே எரிந்தது.

இனி என்ன வழி? மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இலங்கைக்கும் நடுவே இந்து சமுத்திரம் திறந்து கிடந்தது. தூரம் 3513 மைல், நமது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 5650 கிலோமீற்றர். இடையில் நம்பி இறங்க ஓர் இடம் இல்லை.

1939 ஜூனில் பி.ஜி. டெய்லர் என்ற அவுஸ்திரேலிய விமானி குபா என்ற கற்றலினா விமானத்தில் இந்தச் சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து பார்த்திருந்தார். ஆனால் அவர் கொக்கோஸ் தீவிலும் தியாகோ கார்சியாவிலும் இறங்கி, ஓய்வெடுத்து, எரிபொருள் நிரப்பித்தான் மொம்பாசாவை அடைந்தார். போர் வந்தபின் அந்த வசதியை எவரும் நம்பியிருக்க முடியவில்லை. கிறிஸ்மஸ் தீவு ஜப்பானியர் கையில். சுமாத்திரா அவர்கள் கையில். அந்தமான் அவர்கள் கையில். கொக்கோஸ் மட்டும் தப்பியிருந்தது. அதுவும் எந்த நாளும் குண்டுவீச்சுக்கு இலக்காகக்கூடிய சின்னஞ்சிறு மணல்திட்டு.

ஆகவே ஒரே மூச்சில் பறக்க வேண்டும். பயணிகள் சேவையாக, வாரந்தோறும், ஆயுதமில்லாத விமானத்தில். குவாண்டாஸின் தலைவர்களில் ஒருவரான ஹட்சன் ஃபிஷ் இதைக் கேட்டுக் கதவுகளைத் தட்டியபோது, கேட்டவர்களில் பலருக்கு அது நடக்காத காரியமாகவே பட்டிருக்கும். ஏன் என்பதை அறிய நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

* * *

தூரத்தை மைலில் சொல்வது வரைபடக்காரரின் வழக்கம். விமானிக்குத் தூரம் என்பது எரிபொருள். எரிபொருள் என்பது பாரம். பாரம் கூடினால் விமானம் நீரைவிட்டு எழாது.

கற்றலினா அழகிய விமானம் அல்ல. 104 அடி நீளச் சிறகு, அதன்மேல் இரண்டு இயந்திரங்கள், கீழே படகு போன்ற உடல். அதன் பலம் வேகத்தில் இல்லை, பொறுமையில் இருந்தது. மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் மெல்லப் பறந்தால் குறைவாகக் குடிக்கும், நீண்ட நேரம் நிற்கும். அந்தப் பொறுமையை இன்னும் நீட்ட வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் மேலதிக எரிபொருள் தாங்கிகளைப் பொருத்தினார்கள். மொத்தம் 1988 கேலன். பாரக் கணக்கில் ஏறத்தாழ ஆறரைத் தொன் எரிபொருள்.

அந்த ஆறரைத் தொன்னுக்கு இடம் கொடுக்க வேறெல்லாம் கழற்றப்பட்டன. பனிக்கட்டி படியாமல் தடுக்கும் கருவிகள் போயின. குளிரையும் சத்தத்தையும் தடுக்கும் உட்சுவர்ப் பூச்சுகள் போயின. துப்பாக்கி இல்லை. எல்லாம் கழித்த பிறகும் விமானத்தின் மொத்தப் பாரம் 35,100 இறாத்தல். விமானத்தை வடிவமைத்தவர்கள் அதற்கென்று வைத்த எல்லையை அது தாண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சியது என்ன? மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் இடம். அவ்வளவே. ஆறரைத் தொன் எரிபொருளை எரித்து, ஆயிரம் இறாத்தலைக் கடல் தாண்டிக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. கடிதங்களைச் சிறு படச்சுருளாகப் பிரதியெடுத்து அனுப்பினார்கள். 69 கிலோவில் அப்போதுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குரல் அடங்கும். அந்தச் சுருளில் போன ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு விலையுள்ளது என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்று கைப்பேசியில் இரவு வணக்கம் சொல்லும் நம் கூட்டத்துக்கு அந்த விலை தெரியாது; தெரிய வேண்டும்.

கணக்கில் இன்னொரு கொடிய வரி உண்டு. புறப்பட்ட பிறகு முதல் பல மணி நேரம் விமானம் அவ்வளவு பாரமாக இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றால் மற்றது மட்டும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. எரிபொருளைக் கடலில் கொட்ட வேண்டும். கொட்டினால் கரை சேர எரிபொருள் போதாது. கொட்டாவிட்டால் விமானமே இறங்கிவிடும். விமானிகள் இதை நன்கு தெரிந்துகொண்டுதான் ஏறினார்கள்.

பிரித்தானிய அரசின் ஏற்பாட்டில் முதலில் இரண்டு கற்றலினாக்கள் வந்தன, பின்னர் ஐந்தாயின. குவாண்டாஸ்காரர்களுக்கு அந்த விமானம் புதிதல்ல. 1941இல் அமெரிக்காவிலிருந்து பசிபிக்கைக் கடந்து கற்றலினாக்களை அவுஸ்திரேலியாவுக்கு ஓட்டிவந்தவர்கள் அவர்கள். பேர்த்தில் ஸ்வான் ஆற்றங்கரையில், நெட்லண்ட்ஸ் என்ற இடத்தில் தளம் போட்டார்கள். மேற்பார்வைக்கு கப்டன் பில் குரோதர். விமானிகளின் முன்வரிசையில் கப்டன் ரசல் டப்.

ஒரு முனை தயார். மறு முனை எங்கே? கொழும்புத் துறைமுகம் கப்பல்களால் நிறைந்து கிடந்தது. இரத்மலானையில் ஓடுபாதை உண்டு, ஆனால் கற்றலினாவுக்கு வேண்டியது தண்ணீர். தேர்ந்தெடுக்கப்பட்ட தண்ணீர் ஏற்கெனவே ஒரு ஊரை விழுங்கியிருந்தது.

* * *

மருதானையில் மாத்தறை வண்டி ஏறுங்கள். கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கடலோரமாகவே போகும். வலப்பக்க ஜன்னலில் அலை. காலியில் இயந்திரத்தை மறு தலைக்கு மாற்றிப் பூட்டுவார்கள், வண்டி வந்த திசைக்கே திரும்புவதுபோல் இருக்கும். அதற்கு அப்பால் ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் கொக்கல. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மெல்லிய நிலப்பட்டி. அதில்தான் காலி வீதியும் தண்டவாளமும் போகின்றன. உள்நாட்டுப் பக்கம் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் சின்னச் சின்னத் தீவுகள்.

1890இல் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்தது இங்கே, மலலகம என்ற சிற்றூரில். சிங்கள இலக்கியத்தின் பெரிய பெயர் அவர். 1940இல் தன் பிறந்த ஊரைப் பற்றி அபே கம என்ற நூலை வெளியிட்டார். எழுதிமுடித்த ஊர் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. போர் வந்ததும் ஏரியைச் சுற்றியிருந்த நிலங்களை விமானப்படை கைப்பற்றியது. குடும்பங்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டன, தென்னைகள் சாய்ந்தன. விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் தப்பியது. இன்று அது நாட்டார் அருங்காட்சியகத்தோடு நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

சேவையின் வரலாற்றை எழுதியவர்கள் விமானிகளின் துணிச்சலைச் சொன்னார்கள். சரி, சொல்லத்தான் வேண்டும். ஏரிக்கரை மக்களைப் பற்றி ஒரு வரியில் கடந்துபோனார்கள். அது சரியல்ல. லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே அறுந்த கயிற்றை முடிந்த முடிச்சு கொக்கல ஏரியில் விழுந்தது, அந்த முடிச்சுக்கு இடம்விட்டவர்கள் தங்கள் முற்றத்தையும் கிணற்றையும் விட்டுப் போனார்கள். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. வலிகாமத்தில் உயர்பாதுகாப்பு வலயத்துக்காக வீடு இழந்தவர்களுக்கு இது புரியும். பலாலி விமானத் தளத்தைச் சுற்றிய நிலங்களின் கதை இத்தொடரில் பின்னால் வரும்.

கொக்கல, கிழக்கில் பிரித்தானியரின் மிகப் பெரிய நீர்விமானத் தளங்களில் ஒன்றாக மாறியது. பர்ச்சல் புறப்பட்டதும் இதே ஏரியிலிருந்துதான். 1943 நடுவில், ஆயுதம் தாங்காத ஒரு கற்றலினா அங்கே வந்து இறங்கப்போகிறது என்ற செய்தி சில அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. போர்க்காலத் தணிக்கை அதைக் கொழும்புப் பத்திரிகைகளின் கண்ணில் படாமல் வைத்தது.

* * *

1943 ஜூன் இறுதியில் முதல் பறப்பு. ஜூலையில் முறையான சேவை. பேர்த்திலிருந்து இங்கே வரும் ஒரு பறப்பை மணிக்கு மணி தொடர்வோம்.

ஸ்வான் ஆறு. ஜூலை என்றால் அங்கே குளிர்காலம். விமானத்தில் ஐந்து சிப்பந்திகள், மூன்று பயணிகள். பயணிகள் பெரும்பாலும் படை அதிகாரிகள், அரச காரியமாகப் போகிறவர்கள். பாரம் மிகுந்த உடல் நீரைக் கிழித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடுகிறது, அலை ஜன்னலை அடிக்கிறது, மெல்ல மெல்ல எழுகிறது. விடியல் வெளிச்சம் பின்னால். முதலாவது சூரிய உதயம் இது.

உயரமாகப் பறக்க முடியாது, அவ்வளவு பாரம். தாழ்வாகப் பறந்தால் கடல் காற்று ஆட்டும். சில பறப்புகள் வடக்கே எக்ஸ்மவுத் குடாவில் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டன. மற்றவை நேரே சமுத்திரத்துக்குள். கரை மறைந்த நிமிடத்திலிருந்து வானொலி வாய் மூடிவிடும். ஒரு சொல் அனுப்பினால் போதும், ஜப்பானியர் திசையைக் கணித்துவிடுவார்கள். ஆகவே வானொலியாளர் கேட்பார், பேசமாட்டார். குறித்த நேரங்களில் சங்கேத மொழியில் காலநிலைச் செய்தி வரும். விமானத்தின் அந்த மௌனம் பேர்த்திலும் கொக்கலவிலும் இருப்பவர்களுக்குப் பெரிய சோதனை. ஒரு முழு நாளுக்கு மேல் விமானம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

வழியை எப்படிக் கண்டார்கள்? பகலில் சூரியன், இரவில் நட்சத்திரம், கையில் கோணமானி. வேகத்தையும் திசையையும் நேரத்தையும் வைத்து இருக்கும் இடத்தைக் கணிப்பார்கள். நீரில் புகைக்குப்பியை எறிந்து, காற்று விமானத்தை எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று அளப்பார்கள். அளவு இரண்டு பாகை பிசகினால் 5650 கிலோமீற்றர் முடிவில் அது 200 கிலோமீற்றர் தவறு. இலங்கையின் அகலமே அவ்வளவுதான்.

தென்கிழக்கு வணிகக் காற்று இங்கே வரும் விமானத்தை முதுகில் தள்ளும். திரும்பிப் போகும் விமானத்தின் முகத்தில் அடிக்கும். நமது வடபகுதி ஓடாவிகளும் தோணிக்காரர்களும் சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்துப் பயணத்தைக் குறித்தார்கள். குவாண்டாஸ்காரர்கள் இயந்திரம் பூட்டியிருந்தும் அதே காற்றுக்குக் கட்டுப்பட்டார்கள். காற்று உதவினால் 27 மணி நேரம். பகையானால் 30ஐத் தாண்டும்.

நண்பகல் தாண்டும், பொழுது சாயும். விமானம் இப்போது இலகுவாகிவிட்டது, ஓர் இயந்திரம் நின்றாலும் தாங்கும். ஒரு பயம் குறைய மறு பயம் தொடங்குகிறது. வலப்பக்கம், கண்ணுக்கெட்டாத தொலைவில் ஜாவா, சுமாத்திரா. ஜப்பானிய ரோந்து விமானங்கள் எட்டக்கூடிய வெளி. அந்த வெளியை இருட்டில் கடப்பதற்காகவே புறப்படும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் எல்லாம் அணைக்கப்படும். உட்பூச்சுக் கழற்றப்பட்ட உடலுக்குள் இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும், குளிர் எலும்பில் ஏறும். பயணிகளுக்கு உறக்கம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

வெளியே ஜூலை மாதத்து வானம். ஐந்து கற்றலினாக்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன: வேகா, அல்டேர், ரைகல், அன்ரேறிஸ், ஸ்பைகா. வழிகாட்டிய நட்சத்திரங்களுக்குச் செய்த மரியாதை அது. அவற்றுள் ஸ்பைகா நமது சித்திரை. அன்ரேறிஸ் நமது கேட்டை. அல்டேர் நமது திருவோணம். பஞ்சாங்கத்தில் நாள் பார்க்க நம் பாட்டிமார் எண்ணிய அதே மீன்களைத்தான் அந்த இருட்டுக்குள் கோணமானியால் பிடித்துக்கொண்டு வந்தார்கள் குவாண்டாஸ் வழிகணிப்பாளர்கள். நடுநிசி கடந்து பூமத்திய ரேகையை நெருங்கும்போது தென்சிலுவை பின்னால் தாழ்ந்துவிடும். ரேகையைத் தாண்டியபின் வடக்கு அடிவானத்தில் துருவ நட்சத்திரம் எழவேண்டும். ஆனால் கொக்கலவிலேயே அது ஆறு பாகை உயரந்தான். சோழகக் காலத்து முகில் அதை எளிதில் மறைத்துவிடும்.

அப்படி மறைத்த இரவுகளில் நட்சத்திரமே இல்லை. மழைச்சுவர், மின்னல், மேலும் கீழும் தூக்கி எறியும் காற்று. எரிபொருள் மானி இறங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பிப்போக முடிகிற இடம் எப்போதோ பின்னால் போய்விட்டது. முன்னால் இலங்கை இருக்க வேண்டும். இருக்கிறதா?

கிழக்கு வெளுக்கும். ஒரே பறப்பில் இரண்டாவது சூரிய உதயம்.

சில மணி நேரம் கழித்து அடிவானத்தில் ஒரு பச்சைக் கோடு. பிறகு தென்னந்தோப்பு, பிறகு தண்டவாளம், அதற்கு உள்ளே ஏரி. கற்றலினாவின் வயிறு நீரைத் தொடும்போது புறப்பட்டு 28 மணி நேரம் அளவில் ஆகியிருக்கும். மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம். பயணிகள் சேவையில் அவ்வளவு நேரம் தரையிறங்காமல் பறந்த இன்னொரு விமானம் இன்றுவரை இல்லை. தூரத்தில் அதைத் தாண்டியவை ஏராளம், நேரத்தில் எதுவும் தாண்டவில்லை.

இறங்கிய பயணி ஒவ்வொருவர் கையிலும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியச் சங்கத்தில் அவர் உறுப்பினராகிவிட்டார் என்று அது சொன்னது. போர் முடியும்வரை வெளியில் காட்ட முடியாத சான்றிதழ்.

* * *

1943 நவம்பரில் சேவை கொக்கலவிலிருந்து கராச்சிவரை நீண்டது. அங்கிருந்து லண்டனுக்குப் பிரித்தானிய விமானங்கள் போயின. அறுந்த கயிறு முடிச்சோடு மீண்டும் இழுபட்டது. முன்பு ஓரத்தில் இருந்த தீவு இப்போது நடுவில். சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போகும் அவசரக் கடிதம் தென்னிலங்கை ஏரி ஒன்றில் தரிக்காமல் போக முடியாத நிலை.

1944 ஜூனில் இன்னொரு விமானம் வந்தது. லிபரேற்றர். நான்கு இயந்திரம், சக்கரம், கூடுதல் வேகம். அதற்கு ஏரி வேண்டாம். அவுஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையிலுள்ள லெயர்மன்ட் என்ற தளத்தில் எழுந்து நேரே இரத்மலானை ஓடுபாதையில் இறங்கியது. ஏறத்தாழ 17 மணி நேரம். அந்தச் சேவைக்குக் கங்காரு என்று பெயர் வைத்தார்கள், விமானத்தில் கங்காரு உருவம் வரைந்தார்கள். இன்று உலகமெங்கும் குவாண்டாஸ் விமானங்களின் வாலில் நீங்கள் காணும் கங்காரு அங்கே பிறந்தது. அதன் முதல் வழித்தடத்தின் ஒரு முனை நம் இரத்மலானை என்பதை வெள்ளவத்தையிலிருந்து மெல்பேணுக்கும் சிட்னிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பறக்கிற அம்மாமார் அறிந்தால் மகிழ்வார்கள் என்று நினைக்கிறேன். கொக்கலவிலிருந்து பேர்த்துக்கு உள்ள அதே 5650 கிலோமீற்றரை இன்றைய ஜெட் விமானம் ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் முடித்துவிடும்.

லிபரேற்றர் வந்த பிறகும் கற்றலினாக்கள் ஓயவில்லை. 1945 ஜூலை 18இல் கடைசிப் பறப்பு. மொத்தம் 271 தடவை கடல் கடந்திருந்தன. அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகள். ஒரு விமானம்கூட விழவில்லை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்தப் பாரக் கணக்கை நினைத்தால் இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு திருகாணியையும் இரவிரவாகப் பார்த்த இயந்திரத் தொழிலாளர்கள் நெட்லண்ட்ஸிலும் கொக்கலவிலும் இருந்தார்கள். அவர்கள் பெயரை எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் போர் முடிந்தது. வேகா, அல்டேர், ரைகல், அன்ரேறிஸ், ஸ்பைகா ஐந்தும் நலமாக இருந்தன. இன்னும் பல வருடம் பறக்கக்கூடியவை. அவுஸ்திரேலியாவின் கரையோர ஊர்களுக்கு விமானம் தேவைப்பட்ட காலம் அது.

ஆனால் அவை குவாண்டாஸின் சொத்து அல்ல, பிரித்தானியரின் சொத்தும் அல்ல. அமெரிக்கா போருக்காகக் கடன்-குத்தகைச் சட்டத்தின்கீழ் கொடுத்தவை. போர் முடிந்தால் என்ன செய்வது என்று அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. ஐந்து கற்றலினாக்களையும் ஓட்டியவர்களுக்கு அதை நம்புவது கடினமாக இருந்திருக்கும்.  நிபந்தனை மாறவில்லை. உத்தரவு வந்தது.

1945 முடிவதற்கு முன் ஒரு நாள் நட்சத்திரப் பெயர் தாங்கிய விமானம் ஒன்று ஸ்வான் ஆற்றிலிருந்து மீண்டும் மேற்கே, ரொட்னெஸ்ட் தீவுப் பக்கமாகக் கொண்டுசெல்லப்பட்டது. இரண்டு வருடமாக இலங்கைக்கு அது புறப்பட்ட அதே திசை. இந்த முறை பயணிகள் இல்லை, தபால் இல்லை. திரும்பி வருவதற்கு எரிபொருள் தேவைப்படவும் இல்லை. அதன் பின்னால் ஒரு படகு போனது.

அந்தப் படகு எதற்கு?

(அடுத்த வாரம்)